பிறைக்கு ஒரு பைனாகுலர்

நோன்பு இருபத்தேழில், மாலை அஸர் தொழுகையை முடித்துவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டில் ஜெரோமின் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்காக அவர் பைனாகுலரும் விற்கிறார். எனக்குப் பறவை வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பெருநாள் பிறை தெரிந்தால் போதும்.

எங்கள் பள்ளிவாசலுக்காக இருபத்திரண்டு வருடமாகக் கோவளம் போய்ப் பிறை பார்த்துச் சொல்கிறவன் நான். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். போன வருடம் கூட வந்த மஹீன் பார்த்துவிட்டார். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. தொண்டை வறண்டு, கால் கடுத்து நின்றவனிடம் பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத் போனில், "முஸ்தபா பாய், நீங்களும் பார்த்தீங்கள்ல?" என்று கேட்டார். "பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன். மற்ற ஊர்களிலும் பிறை தெரிந்ததால் பெருநாள் தப்பவில்லை. என் தூக்கம்தான் போயிற்று. இந்த வருடம் பொய் சொல்லக் கூடாது.

இருக்கிறதிலேயே பெரியதைக் கையில் எடுத்தேன். இருபது மடங்கு.

"கை ஆடுனா நிலாவும் ஆடும் பாய்," என்றார் ஜெரோம். "அந்தி வெளிச்சத்துக்கு மடங்கு பெருசா இருந்து இன்னா பிரயோஜனம்? முன்கண்ணாடி அகலத்தை மடங்கால வகுங்க. இருபதுக்கு ஐம்பதுன்னா ரெண்டரை மில்லிமீட்டர் வெளிச்சம்தான் கண்ணுக்கு வரும். ஏழுக்கு ஐம்பதுன்னா ஏழு."

"அப்ப அதையே குடுங்க."

"வாலிபப் பசங்க வாங்கலாம். நம்ம வயசுல கண்ணு பாப்பா அஞ்சுக்கு மேல விரியாது, மிச்சம் வீண். எட்டுக்கு நாப்பத்திரெண்டு போதும். எதுக்கும் பொழுது சாயட்டும், பார்த்துட்டு வாங்கிக்கங்க."

வெறும் வயிற்றில் எனக்கு வகுத்தல் ஏறவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தேன். ஜெரோம் தண்ணீர் கொடுத்தார். பிறகு வாசலில் நின்று மூன்று பைனாகுலரிலும் ரயில்வே மேம்பாலத்துப் பலகையைப் பார்த்தேன். மூன்றிலும் புகை.

"எல்லாம் டூப்ளிகேட்டா வச்சிருக்கீங்க?" என்று சிடுசிடுத்தேன்.

அவர் டார்ச்சை எடுத்து என் கண்ணில் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை, பாய். பைனாகுலர் வெளிச்சத்தை வாசல் வரைக்கும் கொண்டாந்து விடும். உள்ள வாங்க வேண்டியது கண்ணு."

ஆபரேஷன் பெருநாளுக்குப் பிறகுதான் முடியும்; பிறை அதுவரை காத்திருக்காது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குப் பைனாகுலர். எட்டுக்கு நாற்பத்திரண்டையே வாங்கிக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு. பஸ் மாறிக் கோவளம் போய் இறங்கும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றோம். பைனாகுலரில் பிறை இருக்கும் இடத்தைப் பிடித்தாலும் வெறுங்கண்ணால் பார்த்தால்தான் சாட்சி என்பது எங்கள் ஹஸ்ரத்தின் கறார்.

சூரியன் இறங்கிக் கால் மணி நேரம் இருக்கும்.

"பாய், அந்தா! பனைக்கு வலது பக்கம். தெரியுதா?" என்று மஹீன் கத்தினார்.

பைனாகுலரை வைத்தேன். பனை கலங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேல் புகை. இறக்கிவிட்டுப் பார்த்தேன், அதே புகை. கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். அழுகை வந்தது, அதையும் சேர்த்துத் துடைத்தேன்.

மஹீன் போனை என்னிடம் நீட்டினார். "ஹஸ்ரத் லைன்ல இருக்காரு. சொல்லுங்க பாய், ஊரே காத்துக்கினு இருக்கு."

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

"ஹஸ்ரத், மஹீன் பார்த்துட்டாரு. நான் பார்க்கல." போனை மறு காதுக்கு மாற்றினேன். "போன வருஷமும் பார்க்கல."

மஹீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முஸ்தபா பாய்," என்றார் ஹஸ்ரத். "உங்க ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் ஊரைத் தொழ வச்சேன்."

போனை மஹீனிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மஹீன் "சரிங்க, சரிங்க" என்றபடி பைனாகுலரை என் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு, பிறை மறைவதற்குள் இன்னொரு சாட்சி தேடி, பிறை பார்க்க வந்து சற்றுத் தள்ளி நின்றவர்களிடம் ஓடினார். நான் மணலில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு, பிறை தெரிந்ததா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை; இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.