முப்பத்தொன்று என்று எழுதிய கல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு துணி துவைக்கிற கல்லிலிருந்து. ஆனால் முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"வயல்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து செல்லும் அந்த மாநில நெடுஞ்சாலை, காலத்தின்..."

(அடித்துவிட்டேன். அந்தச் சாலை நெளியவே இல்லை. அடிக்கோல் வைத்து இழுத்தது போல நேராகப் போகிறது.)

சாலை அறுபது கிலோமீட்டர். அரசாங்கக் காகிதத்தில் ஐம்பத்தாறுதான். நடுவில் நாலு கிலோமீட்டருக்கு நாதியில்லை. அதனால் தார் இல்லை; மழை பெய்தால் பஸ்ஸும் இல்லை.

2

உதவிப் பொறியாளர் வேலைக்கு வந்து மூன்று மாதம். பழைய பதிவேடு ஒன்றில் அவள் கண்டுபிடித்தாள்: அந்த நாலு கிலோமீட்டரிலும் அந்தக் காலத்திலேயே தூரம் எழுதிய கல் நட்டிருக்கிறார்கள்!

"ஏட்டுல இருந்தா போதுமாம்மா? ஒரு கல்லையாவது காட்டு. வெள்ளிக்கிழமை தார் போடற ரோட்டுப் பட்டியலை மூடறோம்" என்றார் மேலதிகாரி.

அன்று புதன்.

(கல்லைத் தேடி அந்த நாலு கிலோமீட்டரையும் இவ்வளவு வேகமாக ஒருத்தி நடப்பாளா என்று எனக்கே சந்தேகம். விசாரித்தேன். நடக்கவில்லையாம், ஓடினாளாம்.)

3

வியாழன் மதியம். சாலையோரத்தில் ஒரு தையற்காரி வீட்டுக் கொல்லை. துவைக்கிற கல், நீளமாக, மண்ணில் புதைந்து.

"புரட்டிப் பார்க்கலாமா அக்கா?"

"பாருங்க. ஆனா தூக்கிட்டுப் போயிட்டா நான் எங்க துவைக்கிறது?"

சேற்றில் மாட்டிய பஸ்ஸை விட்டுவிட்டு டிரைவர் ஜாக்கியோடு வந்தார். கல் புரண்டது. அடியில், பாசிக்குள், 31.

பொறியாளர் கத்திய கத்தலில் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி ஓடி வந்தார்கள்.

தையற்காரியின் முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. "அப்போ எங்க வீடு ரோட்டு மேலயா இருக்கு?"

பொறியாளர் கல்லையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கல் ஆதியிலிருந்தே இங்கே என்றால் வீடு போகும். இல்லை என்றால் ஆதாரம் போகும்.

தையற்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இல்லைங்க. எங்க மாமனார் எதிர்ப்பக்கத்துலேருந்து உருட்டிட்டு வந்தது. திருட்டுதான். பிடுங்கின குழி இன்னும் இருக்கு. வாங்க, காட்டறேன். எழுதிக் கொடுன்னாலும் கொடுக்கறேன்."

"நான் சாட்சி!" என்றார் டிரைவர். பின்னாலிருந்து இருபது குரல்கள்: "நாங்களும்!"

4

நாலு கிலோமீட்டரும் பட்டியலில் ஏறிற்று. தார் போட்டாயிற்று. பஸ் ஆறே நிமிடத்தில் தாண்டுகிறது. இதுவரை நடந்தது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, கையெழுத்துப் போட்டுக்கொண்டே மேலதிகாரி கேட்டாராம்: "திருடினது யாருன்னு அறிக்கையில காணோமே, ஏம்மா?"

இதற்கு மூன்று பதில் எழுதி, மூன்றையும் கிழித்தேன். அவளும் சொல்ல மறுக்கிறாள், கேட்டால் சிரிக்கிறாள். நீங்கள் அந்த மேசைக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், அவர் பேனாவை மூடப் போகிறார்.