மரகதவல்லி ஓங்கிய கை

மரகதவல்லி தன் மருமகளை அறைவதற்காகக் கையை ஓங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கை இன்னும் இறங்கவில்லை. மருமகள் என்றால் சொந்த மருமகள் இல்லை, 'மஞ்சள் வாசல்' டிவி தொடரில் வருகிற மருமகள். மரகதவல்லிக்குப் பிள்ளைகள் கிடையாது. கை மட்டும் சொந்தக் கை.

நடந்தது இதுதான். கூடத்தில் மொத்தக் குடும்பமும் நிற்கிற ஒரு காட்சியில் மாமியார் கையை ஓங்கினாள். ஓங்கிவிட்டால், வழக்கப்படி, அங்கே நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் காட்ட வேண்டும். முகத்துக்கு மூன்று தரம், மூன்று பக்கத்திலிருந்து, இடிச் சத்தத்தோடு. பெரிய குடும்பம் அது. ஓரகத்தி, சித்தப்பா, சம்பந்தி, சமையல்காரர், பால் ஊற்ற வந்தவர் என்று முகம் முகமாகப் போய்க்கொண்டிருந்தபோதே கடைசி நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரும் கூடத்துக்கு வந்து நின்றார்கள். அவர்களும் அதிர்ச்சி அடைய வேண்டுமல்லவா? அவர்கள் அடைந்து முடிப்பதற்குள், முதலில் காட்டிய சித்தப்பாவுக்கு நரைத்துவிட்டது. அவரை மறுபடி காட்ட வேண்டியதாயிற்று.

அதுவரை கையை இறக்கக் கூடாது. சாயங்காலம் இறக்கிவிட்டு மறுநாள் காலையில் தூக்கினால் ஒரு விரற்கடை முன்பின் ஆகிவிடும், பார்க்கிறவர்கள் விடமாட்டார்கள். அதனால் மரகதவல்லி ஓங்கிய கையோடு சாலிகிராமத்து வீட்டுக்கு வந்தாள், ஓங்கிய கையோடு மறுநாள் படப்பிடிப்புக்குப் போனாள். அப்படியே பழகிவிட்டது. தையல்காரர் ரவிக்கையின் வலது கைக்குத் தனி அளவு குறித்துக்கொண்டார். கணவர் சபாபதி, மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், கொசுவலையில் அந்தக் கைக்கென்று நீளமாக ஒரு பை வைத்துத் தைத்தார். சாப்பாடு இடது கையால், கரண்டியில். குடியிருப்போர் சங்கத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் அவள் கை தூக்கியபடியே இருந்ததால், இவ்வளவு அனுசரணையான ஆள் வேறு யார் என்று அவளையே தலைவியாக்கினார்கள்.

அந்தக் கையை நேரில் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். காய்கறிக் கடையில் அவளுக்கு முன்னால் யாரும் பேரம் பேசுவதில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களை அழைத்துவந்து அந்தக் கைக்குக் கீழே ஒரு நிமிஷம் நிற்க வைத்துக் கூட்டிப்போனார்கள். நின்றவர்கள் வெளியே போகும்போது முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து போனார்கள். ஒரு வாரப் பத்திரிகை அவள் படத்தைப் போட்டு, அடிக்கிற கைதான் அணைக்கும் என்று கீழே எழுதியிருந்தது. அவள் கையோ அந்த இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அதைப் பார்க்கும்போது பெரிய கோபுரத்தை அடியிலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று சபாபதியே சொல்லியிருக்கிறார். தினமும் பார்க்கிற மனிதர் அவர்.

ஆரம்பத்தில் கோபம் அசலாக இருந்தது. உள்ளங்கைக்கு எதிரே ஓர் அப்பளத்தைக் காட்டினால் சுட்டுவிடும். படப்பிடிப்பில் எண்ணெய் ஆகாதவர்கள் எல்லாரும் சாப்பாட்டு வேளையில் அவள் முன்னால் வரிசையில் நின்று சுட்டுக்கொண்டு போவார்கள். பிறகு வருஷங்கள் போயின. பழகப் பழகப் பாலும் புளிக்கும். தொடர் முன்னே மாதிரி இல்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள், ரேஷன் கடையில் பேசிக்கொண்டார்கள், பேசிவிட்டு மதியம் இரண்டு மணிக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினார்கள். கதை எழுதுகிறவர் ஆறாவது ஆள். இயக்குநர் மூன்றாவது ஆள். அறை வாங்க வேண்டிய மருமகளே நான்காவது ஆள். முதலாமவள் கல்யாணமாகிக் கடல் கடந்தாள், இரண்டாமவள் சினிமாவுக்குப் போனாள், மூன்றாமவளுக்குக் காத்திருந்து காத்திருந்து கன்னம் மரத்துப்போயிற்று. ஒவ்வொரு தரமும் திரையின் அடியில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். ஜனங்கள் மறுநாளே பழகிவிடுவார்கள். மாறாமல் இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

கடைசியில், வருகிற வெள்ளிக்கிழமை நேரடி ஒளிபரப்பிலேயே கை இறங்கும் என்று தொலைக்காட்சியில் முடிவு செய்தார்கள். எல்லா முகமும் காட்டியாகிவிட்டது. அறையோடு தொடர் முடியும். அதற்கு முன்னால் கோபத்தின் தரம் பார்க்க வேண்டும் என்று நவநீதன் என்கிற அதிகாரி ஒரு காலையில் வீட்டுக்கு வந்தார். தட்டை நெற்றி, மெதுவான பேச்சு, கையில் ஒரு கட்டு அப்பளம்.

ஓர் அப்பளத்தை எடுத்து உள்ளங்கைக்கு எதிரே பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்தார். அப்பளம் அப்படியே இருந்தது. மிளகு அப்பளமாக ஒன்றை மாற்றிப் பார்த்தார். அதுவும் வெளிறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கோபிச்சுக்காதீங்க மேடம்" என்றார். அவள் கோபித்துக்கொள்வதுதான் தனக்கும் வேண்டியது என்பது நினைவுக்கு வந்து, "கோபிச்சுக்கிட்டாலும் சரிதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை படப்பிடிப்பிலேயே இன்னொரு தரம் பார்ப்பதாகச் சொன்னார். அன்றைக்கும் அப்பளம் பொரியாவிட்டால் விமலேசுவரி என்று ஓர் அம்மாள் தயாராக இருக்கிறார், அவர் கை இறங்கும், அடியில் அந்த வரி ஓடும். இதைச் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்துப் போய்விட்டார்.

மரகதவல்லி காபித் தம்ளரை இடது கையால் எடுத்து வைத்தாள். பதினெட்டு வருஷம் தான் தூக்கிப் பிடித்ததை வேறொருத்தி வந்து இறக்குவதா? நாள் தவறாமல் அதே பட்டுப் புடவையில் நின்றதும், அம்மா செத்த வீட்டில் ஓங்கிய கையோடு மூலையில் உட்கார்ந்திருந்ததும், இன்னொருத்தி கைக்காகவா? நினைக்க நினைக்கக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுகையில் அப்பளம் நமத்துப்போகும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எதற்காக ஓங்கினோம் என்று தெரிந்தாலாவது கோபம் வரும் என்று முதல் கதாசிரியருக்குப் போன் போட்டாள். அவர் இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். காரணத்தை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் கையை ஓங்கச் சொன்னேன், வெள்ளிக்கிழமைக்குள் கட்டாயம் யோசித்துவிடுகிறேன் என்றார். நேர்மையான மனிதர்.

சபாபதி உதவிக்கு வந்தார். சாம்பார் வாய்க்கு வழங்கவில்லை என்றார். அவள் தம்பி கல்யாணத்தில் தனக்கு முதல் பந்தியில் இலை போடாததை எடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கும் சண்டை போட வரலை மரகதம்" என்றார் அவர். "இந்தக் கை நிக்கிற வீட்டுல நான் என்னிக்குக் குரலை உசத்தியிருக்கேன்?"

வெள்ளிக்கிழமை வந்தது. கூடம் கொள்ளாத கூட்டம். குடும்பம் அதற்குள் வளர்ந்து, பேரன் பேத்திகளும் அவர்கள் பக்கத்துச் சம்பந்திகளும் மாடிப்படி வரை நின்றார்கள். நான்காவது மருமகள் சாருமதி தன் இடத்தில் நின்றாள். இருபத்துமூன்று வயசு. கை ஓங்கிய அன்று அவள் ஒன்றாம் வகுப்பில்கூடச் சேரவில்லை. மரகதவல்லி எதிரே தன் இடத்தில் நின்றாள். நவநீதன் அப்பளத்தைக் காட்டினார். பொரியவில்லை.

விமலேசுவரி முன்னால் வந்தாள். அதே புடவை, அதே கொண்டை. அவள் கையை ஓங்கியதும் அப்பளம் நொடியில் கொப்பளித்துச் சிவந்து, கூடம் முழுக்க வாசனை அடித்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றாள் மரகதவல்லியிடம். "காலையில வீட்டு ஓனர் மோட்டாரை நிறுத்திட்டாரு. துணியெல்லாம் சோப்போட கிடக்குது."

நல்ல கோபம், புத்தம் புதுசு என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். மரகதவல்லியை ஓரமாக வரச் சொன்னார்கள். அவளுக்குக் கால் நகரவில்லை. பதினெட்டு வருஷமாக அந்தப் பலகை மேல்தான் நின்றிருக்கிறாள், பலகையில் அவள் பாதம் இரண்டும் பள்ளமாக விழுந்திருந்தது.

நவநீதன் மிச்ச அப்பளங்களைக் கட்டிக்கொண்டு குறுக்கே போனார். சாருமதியைத் தாண்டும்போது கையிலிருந்த கட்டு படபடவென்று பொரிந்தது. அவர் நின்றார். ஓர் அப்பளத்தை உருவி அவள் இடது கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அது ஓரம் சுருண்டு, கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பொன்னிறமாகப் பொரிந்தது. இன்னொன்று பிடித்தார். அதுவும் பொரிந்தது. சாருமதியை விமலேசுவரிக்கு எதிரே திருப்பி நிறுத்திப் பார்த்தார். கன்னம் ஆறிவிட்டது, அப்பளம் பச்சையாகவே இருந்தது. திரும்ப மரகதவல்லிக்கு எதிரே நிறுத்தினார். மறுபடி பொரிந்தது.

"இங்க இருக்கு சார்" என்று இயக்குநரிடம் சொன்னார். "நாம இத்தனை நாளா கைப்பக்கமே பார்த்துட்டு இருந்திருக்கோம்."

சாருமதி கன்னத்தைத் தொடவில்லை. ஒப்பனை கலைந்துவிடும். "சின்னப் புள்ளையிலேர்ந்து டிவியில இந்தக் கைக்கு எதிர்ல உக்காந்துதான் சார் சாப்பிட்டேன்" என்றாள். "வேற கை வந்தா எந்தப் பக்கம் திரும்பணும்னே எனக்குத் தெரியாது. அம்மாவே அடிக்கட்டும்."

தரம் சரியாக இருக்கிறது என்று நவநீதன் சொன்னார். விமலேசுவரி, இருக்கிற கோபம் வீணாகப் போகக் கூடாதென்று அந்தப் புடவையோடே ஆட்டோ பிடித்து, வீட்டு ஓனரைப் பார்க்கப் போனாள்.

விளக்குகள் எரிந்தன. மரகதவல்லி சாருமதியின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் தன் கை தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவள் அண்ணாந்து பார்த்ததே இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது இப்படியா இருந்தது என்று நினைத்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. எத்தனை பெரியது, எவ்வளவு உயரத்தில் நின்றிருக்கிறது! கோபம் ஒரு துளிகூட இல்லை. ஆனால் கைக்கு வழி தெரிந்திருந்தது.

தோளில் முதலில் ஒரு சத்தம் வந்தது. பிறகு கை இறங்கத் தொடங்கியது. அக்குளில் பதினெட்டு வருஷமாகத் தங்கியிருந்த காற்று வெளியே வந்து கூடத்தில் குத்துவிளக்குகளை அணைத்தது. மாடிப்படிகளில் நின்ற சம்பந்திகள் ஒவ்வொரு படியாகப் பின்வாங்கினார்கள். ஊரில் அந்த நேரம் குக்கர்கள் விசில் அடிக்கவில்லை. பஸ்களை ஓரமாக நிறுத்திவிட்டு ஓட்டுநர்கள் டீக்கடை டிவிக்கு முன்னால் நின்றார்கள். வீட்டில் சபாபதி எழுந்து நின்றார், ஏன் என்று அவருக்குத் தெரியாது, உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று தோன்றியது. கை இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்குகிற வழியெல்லாம் இளைய வயதின் வளையல் சத்தம் கேட்டது, அவள் அன்று வளையலே போட்டிருக்கவில்லை.

அறை விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நல்ல கதவு நன்றாகச் சாத்திக்கொள்கிற சத்தம். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வீட்டிலும் அத்தனை பேரும் தங்கள் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. முன்னே மாதிரி இல்லை என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மரகதவல்லியின் கை பக்கத்தில் தொங்கியது. விரல்களில் ரத்தம் இறங்குவது தெரிந்தது. அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது, அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

சாருமதியின் முகம் அடி விழுந்த வேகத்தில் வலப்பக்கம் திரும்பி நின்றது. இயக்குநர் அவளை அப்படியே இருக்கச் சொன்னார். அறை விழுந்துவிட்டதால் கூடத்தில் நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் காட்ட வேண்டும். முகத்துக்கு மூன்று தரம். மாடிப்படி வரை நிற்கிறார்கள். கதாசிரியர் போய்த் தாள் எடுத்துவந்தார். மரகதவல்லி இனி காட்சியில் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். சாருமதிக்குக் கழுத்து திரும்பியபடியே இருந்தது. அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை, இதற்காகத்தானே வந்தேன் என்றாள். இடப்பக்கம் நடந்துவந்த மரகதவல்லியைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. மரகதவல்லி பின்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள்.

"இப்பத் தெரியிறேனா?"

"தெரியிறீங்கம்மா."

மரகதவல்லி தன் வலது கையைக் குறுக்கே நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாருமதிக்கு எதிரே வருவது எதுவும் தெரியாது. அதனால் சைக்கிள் வருகிறது, பள்ளம் வருகிறது, மல்லிகைப்பூ விற்கிற அம்மாள் வருகிறார் என்று ரோட்டில் வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அவளோடு நடந்தாள்.