வெங்காயத்தாள் டீ-ஷர்ட்

ஹராஜுகு ரயில் நிலையத்தின் கழிப்பறைக்குள் ஒற்றைக்காலில் நின்றபடி மூன்றாவது காலுறையை மாட்டிக்கொண்டிருந்தாள் ஷியோரி. கால் இரண்டுதான், காலுறைதான் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று. அடியில் பச்சை, அதற்குமேல் வலை, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள். மஞ்சள் மட்டும் கொஞ்சம் சரிந்து கிடக்க வேண்டும், ஏதோ அவசரத்தில் கண்டதை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்ததுபோல. அந்த அவசரத்தைச் சரியாகக் கொண்டுவர அவளுக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெகுநேரம் பிடித்தது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக இவளும் உள்ளேயிருந்து தட்டிவிட்டு, இடது காலுறையை இன்னும் அரை விரல் கீழே இறக்கினாள்.

காற்சட்டைக்கு மேல் பாவாடை, பாவாடைக்கு மேல் ஆண்களின் கழுத்துப்பட்டை, அதை இடுப்பில் கட்டியிருந்தாள். எல்லாவற்றுக்கும் ராஜா அந்த டீ-ஷர்ட். கோஎன்ஜியில் ஒரு பழைய துணிக்கடையின் குவியலுக்குள் தலையைவிட்டுத் தேடி எடுத்தது. நெஞ்சுக்குக் குறுக்கே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'ஞாயிற்றுக்கிழமைகளில் என் குளிர்பதனப் பெட்டி அழுகிறது'. ஷியோரிக்கு ஆங்கிலம் அரைகுறை. அச்சடித்தவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நிலையத்துக்கு வெளியே, இளசுகள் விதவிதமாக உடுத்தி நடக்கும் அந்தத் தெருவில் யாரும் யார் நெஞ்சையும் படிப்பதில்லை, பார்க்க மட்டுமே செய்தார்கள்.

வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும் நீலக் காற்சட்டையும் லாக்கருக்குள் போயின. கூடவே ஃபுகாயா ஊரும், வெங்காயத்தாள் வயல்களும், 'கானாதேகூடச் சேர்ந்து வேலைக்கு வேண்டிய கணக்கெழுத்துப் படிக்கப் போறேன்' என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்த பொய்யும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டன.

இன்று கடைசி நாள். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. 'மகாரி' இதழ் அடுத்த இதழோடு நிற்கப்போகிறது. தெருவில் போகிற இளசுகளை நிறுத்திப் படம் எடுத்துப் போடும் சின்ன இதழ் அது. ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள், தலையிலிருந்து கால்வரை, பின்னால் சுவரும் மின்கம்பமும். பள்ளி நாட்களில் ஷியோரி அதை மெத்தைக்கு அடியில் வைத்திருந்தாள். அந்தப் பக்கங்களில் இருந்தவர்கள் நடிகர்களும் இல்லை, அழகிகளும் இல்லை. யாரோ ஒருத்தி, பக்கத்தில் அவள் பெயர், அன்றைய உடையின் கருப்பொருள். அவ்வளவுதான். ஆனால் ஒருவர் அவளைப் பார்த்திருக்கிறார், நின்றிருக்கிறார், 'நீங்க கொஞ்சம் நில்லுங்க' என்று சொல்லியிருக்கிறார். மூன்று வருடமாக ஷியோரி இந்தத் தெருவில் நடப்பது அந்த ஒரு வாக்கியத்துக்காக. இனி நடக்க முடியாது. வருகிற வாரம் ஊரிலுள்ள விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்கிறாள். கருநீலச் சீருடை, தோல் நிறத்தில் காலுறை. ஒன்றே ஒன்று.

நடப்பதற்கும் முறை இருந்தது. தோழி கானாதேதான் கற்றுக்கொடுத்தாள். அவள் அந்தத் தெருவில் ஒரு பழைய துணிக்கடையில் வேலை செய்தாள். கடையின் உடை மாட்டும் கம்பியைக் காலையில் நடைபாதைக்குத் தள்ளிவிட்டு அதன் அருகில் நின்றுகொண்டால் சாயங்காலம்வரை தெருவே அவள் வகுப்பறை. புகைப்படக்காரரைப் பார்க்கவே கூடாது. திரும்பி வரும்போது பையைத் தோள் மாற்றிக்கொள்ள வேண்டும், சுற்றிச் சுற்றி வருகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எல்லோரும் நினைக்கத்தான் செய்தார்கள், ஏனென்றால் அங்கே நடந்த எல்லோரும் அதையேதான் செய்தார்கள். எதிரெதிரே தோள் மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் ஏதோ சுமைதூக்கும் போட்டி நடப்பதுபோல இருக்கும்.

முக்கியமான விதி கடைசியில் இருந்தது. படம் எடுக்கலாமா என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லக் கூடாது.

"மூஞ்சிக்கு முன்னாடி கைய இப்படி ஆட்டணும்டி" என்று கானாதே செய்து காட்டியிருந்தாள். "ஐயோ நானா, நானெல்லாம் எதுக்குன்னு ஒரு எட்டு பின்னாடி போகணும். அவர் மறுபடி கேப்பாரு. அப்ப சரின்னு சொல்லு. ஒடனே சரின்னா, இதுக்குன்னே வந்திருக்கான்னு தெரிஞ்சுடும்."

"இதுக்குன்னுதான வரேன்?"

"அது தெரியவா விடுவ?"

இன்று கானாதே உடைக்கம்பிக்குப் பக்கத்திலிருந்தே கண்ணால் ஜாடை காட்டினாள். தெருமுனையில் குரோசே நின்றுகொண்டிருந்தார். நரைத்த குடுமி, கறுப்பு உடை, கழுத்தில் பழைய ஃபிலிம் கேமரா. 'மகாரி'யின் படங்கள் எல்லாம் அவர் எடுத்தவை. மற்றவர்கள் படம் எடுத்தார்கள், அவர் மட்டும் 'தெருவின் மூச்சைப் பதிவுசெய்தார்'. பேட்டிகளில் அப்படித்தான் சொல்வார். மூச்சு சரியாக வராத நாட்களில் மின்கம்பத்தில் சாய்ந்துகொண்டு ரொட்டி தின்பார்.

ஷியோரி நடந்தாள். கடை வாசலில் ஒரு குழந்தை அவளுடைய காலுறைகளைப் பார்த்து அம்மாவின் கையை இழுத்தது. நல்ல சகுனம். குரோசேயைக் கடந்தபோது கேமராவின் வார் உரசுகிற சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும். ஒரு நிமிஷம்."

அவள் நின்றாள். குரோசே ரொட்டியைப் பையில் போட்டுவிட்டு அவள் எதிரே வந்தார்.

"உங்கள ஒரு படம் எடுத்துக்கலாமா? 'மகாரி'க்கு. கடைசி இதழ்."

மூன்று வருடம் கண்ணாடி முன்னால் பழகியது தானாக வந்தது. கை முகத்துக்கு முன்னால் ஏறி ஆடியது. கால் ஒரு எட்டு பின்னால் போனது. "ஐயோ, நானா... வேண்டாங்க, நானெல்லாம் எதுக்கு..." சரியான அளவில் வெட்கம். பின்னால் கானாதே தலையாட்டி மெச்சிக்கொள்வதைப் பார்க்காமலே உணர முடிந்தது.

குரோசே இடுப்புவரை குனிந்தார்.

"ரொம்ப மன்னிச்சுக்குங்க. தொந்தரவு பண்ணிட்டேன்."

நிமிர்ந்தார். போய்விட்டார்.

ஷியோரியின் கை முகத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. அவர் மறுபடி கேட்கத் திரும்புவார் என்று அவள் நின்றுகொண்டிருந்தாள். அவரோ மின்கம்பத்துக்குப் போய் ரொட்டியைத் தேடி எடுத்தார்.

கானாதே ஓடிவந்து அவளை உடைக்கம்பியின் பக்கம் இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. "அய்யய்யோ, மறந்தே போச்சுடி. போன மாசம் ஒருத்தி அவங்க ஆபீஸ்ல புகார் குடுத்துட்டாளாம், வேண்டாம்னு சொல்லியும் விடலன்னு. ஒரு தடவ வேண்டாம்னா விட்டுடணும்னு உத்தரவாம். காலையில கடைக்கு வந்தப்ப அவரே சொன்னாரு. நான்தான்..."

"இப்ப சொல்றியா?"

"நீ ரொம்ப நல்லா செஞ்சடி" என்றாள் கானாதே பரிதாபமாக. "அதான் நம்பிட்டாரு."

ஓடிப்போய், 'நான் வேண்டாம்னு சொன்னது வேணும்னுதான்' என்று சொல்லலாம். அப்படிச் சொன்ன ஒருத்தி அந்தத் தெருவின் சரித்திரத்திலேயே இல்லை. ஷியோரி மஞ்சள் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டாள். இனி அது சரிந்து கிடந்து யாருக்கு என்ன? அது, இழுத்த வேகத்தில் மறுபடி சரிந்தது.

அப்போதுதான் தெருமுனையில் ரப்பர் பூட்ஸ் தெரிந்தது.

பூட்ஸுக்கு மேலே முழங்காலில் ஒட்டுப்போட்ட வயல் காற்சட்டை. அதற்கு மேலே, குளிருக்குப் போட்ட பழுப்பு உள்சட்டைமேல் ஏற்றிய டீ-ஷர்ட். கழுத்தில் துண்டு, முழங்கைவரை பூப்போட்ட கையுறை, அது அம்மாவுடையது. ஒரு கையில் நீளமான காகிதப்பை, அதன் வாயில் வெங்காயத்தாள்களின் பச்சை நுனிகள். மற்றதில் குடை. அவளுடைய குடை.

"அப்பா" என்றாள் ஷியோரி, சத்தமே வராமல். அடுத்த நொடி உடைக்கம்பியில் தொங்கிய கோட்டுகளுக்குப் பின்னால் புகுந்துகொண்டாள்.

அப்பா தோகுஜி மாதத்தில் சில ஞாயிறுகள் ஆவோயாமாவின் வார இறுதிச் சந்தைக்கு வேனில் வெங்காயத்தாள் கொண்டுவருவார். வந்தால் விற்பார், விற்றால் வீட்டுக்குப் போவார். இந்தத் தெருவுக்கு வந்ததாக அவளுக்குத் தெரியாது. அவர் போட்டிருந்த டீ-ஷர்ட், கூட்டுறவுச் சங்கம் அறுவடை விழாவில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. தலைப்பாகை கட்டிய ஒரு வெங்காயத்தாள் பளுதூக்குகிற படம். அச்சு நகர்ந்துபோனதால் அதன் ஒரு கண் முகத்துக்கு வெளியே, தோள்பட்டைக்குப் பக்கத்தில் தனியாக மிதந்தது. கீழே 'வெண்மை நீளம்! பெருமையும் நீளம்!' என்று எழுதியிருந்தது. ஊரில் பாதிப்பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் உரம் போட்டார்கள்.

குரோசே ரொட்டியைக் கீழேயே போட்டுவிட்டார்.

"ஐயா! ஐயா, ஒரு நிமிஷம். உங்கள ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்களேன்" என்றார் தோகுஜி. கை ஆட்டவில்லை, பின்னால் போகவில்லை. "எங்க நிக்கணும்? இங்கயா?"

உடைக்கம்பிக்குப் பின்னால் ஷியோரி கண்ணை மூடிக்கொண்டாள்.

குரோசே அவரைச் சுற்றி ஒரு தடவை வந்தார். தெருவுக்கு மூச்சு வந்துவிட்டது. "உள்ள பழுப்பு, மேல வெள்ள... கையில பூ. யாருக்கும் வராத துணிச்சல் இது. இந்தக் கண்ணு! முகத்த விட்டு வெளிய வந்து நிக்குது. நகரத்தப் பாக்க மாட்டேன்னு சொல்ற கண்ணு, இல்லீங்களா?"

தோகுஜி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "மிஷின் நகந்துபோச்சு" என்றார்.

"ஆஹா" என்றார் குரோசே தாழ்ந்த குரலில்.

தோள் மாற்றிக்கொண்டு நடந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருத்தி, தன் சட்டைக் கையை ரகசியமாக முழங்கைவரை ஏற்றி, உள்சட்டை தெரிகிறதா என்று பார்த்தாள். கானாதேகூட, தோழியின் துக்கத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றாள்.

"இன்னிக்கு உங்க உடையோட கருப்பொருள் என்னன்னு சொல்லலாம்?"

"கருப்பொருளா?"

"அதாவது, என்ன நினைச்சு வெளிய வந்தீங்க?"

"மழ வரப்போகுதுல்ல" என்றார் தோகுஜி, குடையைத் தூக்கிக் காட்டி. "எம் பொண்ணு குடைய வீட்லயே வச்சுட்டு வந்துட்டா. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பொண்ணு இந்தப் பக்கமா இருக்காங்களா?"

"இங்கதான் எங்கயாவது நடந்துட்டு இருப்பா. ஞாயித்துக்கிழமையானா வருவா. படிக்கப் போறேம்பா." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ரயிலடியில உடுப்ப மாத்திக்குவா. போன வருசம் வேன நிறுத்த எடம் தேடி இந்தப் பக்கம் வந்துட்டேன், அப்பதான் பாத்தேன். முதல்ல அடையாளமே தெரியல, நடைய வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். இடுப்புல என்னோட கல்யாணக் கழுத்துப்பட்டை. அத நான் எங்கெல்லாமோ தேடிட்டு இருந்தேன்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கோட்டுகளுக்குப் பின்னால் ஷியோரி இடுப்பில் கைவைத்தாள்.

"கூப்பிட வேண்டியதுதானே ஐயா?"

"எப்படிங்க கூப்பிடறது? நானோ இந்தக் கோலத்துல. அவ என்னமோ யாரோ நிறுத்துவாங்கன்னு நடந்த மாதிரி இருந்துச்சு. போனா, வந்தா. மறுபடி போனா, வந்தா. ஒருத்தரும் நிறுத்தல." தோகுஜி துண்டால் கழுத்தைத் துடைத்தார், அங்கே வியர்வை எதுவும் இல்லை. "அன்னிக்கு அவ நல்லா இருந்தா. எனக்கு இந்தத் துணிமணி ஒண்ணும் புரியாது. ஆனா நல்லா இருந்தா. அதச் சொல்லணும்னா பாத்தேன்னு ஒத்துக்கணும், நான் அவளப் பாக்கவே இல்லன்னுல்ல ஆயிருக்கு?"

குரோசே ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தெரு, மூச்சு என்று ஏதோ பெரிதாக வந்திருக்கும். பிறகு மூடிக்கொண்டு கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஃபிலிம்ல ஒண்ணுதான் மிச்சம் இருக்கு ஐயா. நேரா நில்லுங்க."

தோகுஜி நேராக நின்றார். கூட்டுறவுச் சங்கத்தின் வருடாந்தரப் படத்துக்கு நிற்பதுபோல, கைகளைத் தொடையோடு ஒட்டி, வெங்காயத்தாளும் குடையும் இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்க. அப்போது உடைக்கம்பியின் அடியில், கோட்டுகளின் விளிம்புக்குக் கீழே, அவர் கண் ஒரு நொடி நின்றது. அங்கே ஒரு ஜோடி கால்கள். பச்சை, அதற்குமேல் வலை, அதற்குமேல் அவசரமாகச் சரிந்த மஞ்சள்.

அவர் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். கேமராவைப் பார்த்தபடியே பூட்ஸ் தேய இடப்பக்கம் ஒரு எட்டு நகர்ந்தார். குடையை வலக்கையிலிருந்து எடுத்து வெங்காயத்தாளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நடுவுக்கு வாங்க" என்றார் குரோசே. "உங்க வலப்பக்கம் காலியா இருக்கு."

"இருக்கட்டும்" என்றார் தோகுஜி. "நான் இங்கயே நிக்கிறேன்."

குரோசே கேமராவிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார், பிறகு அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். திரும்பவும் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தார். விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தவில்லை. தெருவில் முதல் தூறல் விழுந்தது. பளுதூக்கும் வெங்காயத்தாளின் தனித்த கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு துளி இருண்டு பரவியது. தோகுஜி குடையை விரிக்கவில்லை. உடைக்கம்பியில் கோட்டுகள் அசைந்தன.