சிவப்புத் துணி தொங்காத பால்கனி

என் நாத்தனார் லூக்கியா ஈஸ்டர் விடுமுறைக்கு ஏதென்ஸிலிருந்து வந்து இறங்கியதுமே, கப்பலில் இருந்த நெரிசலுக்கெல்லாம் நான்தான் காரணம் என்பதுபோல முறைத்தாள். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே பால்கனிக் கதவைத் திறந்து கம்பியைப் பார்த்தாள்.

"துணி எங்க?"

"இந்த வருஷம் இல்ல அண்ணி. துணியும் இல்ல, பானையும் இல்ல. அவர் போயி ஈரம்கூடக் காயல."

"அவன் போனதுக்கும் பானைக்கும் என்னடி சம்பந்தம்?"

எங்கள் கோர்ஃபு தீவில் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பகல் பதினோரு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் தண்ணீர் நிரப்பிய மண்பானைகளை மாடிகளிலிருந்து தெருவில் போட்டு உடைப்போம். போடுகிற வீட்டின் பால்கனியில் சிவப்புத் துணி தொங்கும். துக்க வீட்டில் தொங்காது. எங்கள் சந்தோ, எதிர்வீட்டுக்காரன் தும்மினால் நம் முகத்தில் தெறிக்கும் அளவுக்குக் குறுகல். அதனால் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் துணி இல்லாத பால்கனியாகப் பார்த்து அதன் அடியில் ஒண்டிக்கொள்வார்கள்.

என் கணவர் ஆர்சேனி பானை போடுவதில் பேர்போனவர். அவர் பானை விழுந்தால் சந்தின் இரண்டு முனைக்கும் கேட்கும். லூக்கியா பிறந்து வளர்ந்தது இந்த வீட்டில்தான். தம்பி இறந்ததும் இந்த வீட்டை நான் ஊமையாக்கிவிட்டேன் என்பது அவள் கட்சி. பெரிய வெள்ளி முழுக்க இதே பாட்டு. இயேசுவின் சவ ஊர்வலத்தில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நடக்கும்போதுகூட என் காதருகே வந்து, "அவனை மறக்கிறதுக்கு உனக்கு என்னடி இவ்ளோ அவசரம்?" என்றாள். மறப்பதாம்! அவர் செருப்பை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை நான்.

கூட வந்திருந்த அவள் மகள் தனாயேதான் நல்ல பெண். வயிற்றில் ஏழு மாதம். சனிக்கிழமை காலையில் காப்பி குடித்துவிட்டு, பெரிய சதுக்கத்துக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். நான் படிக்கட்டுவரை பின்னாலேயே போனேன்.

"சதுக்கத்துக்குப் போகாதடி. வெளியூர்க் கூட்டம் பூரா அங்கதான். வயித்துல இடிச்சிடுவாங்க. நம்ம பால்கனிக்கு நேர் கீழ நில்லு. இந்த வருஷம் ஊர்லயே பத்திரமான இடம் அதுதான்."

"அங்க ஒண்ணும் விழாதே அத்தை?"

"துணி தொங்குதா? இல்லல்ல? அப்ப தூசிகூட விழாது."

இப்படிப் பெரிதாக வாக்குக் கொடுத்துவிட்டு மேலே வந்து, இரவுச் சூப்புக்குக் கீரை நறுக்க உட்கார்ந்தேன். முன்னறைக் குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை. குளிக்கிற சத்தமாகவும் இல்லை. எதையோ நிரப்புகிற சத்தம். அப்புறம் கனமான ஒன்றைத் தரையில் இழுக்கும் சத்தம்.

கத்தி என் கையிலேயே நின்றது. முன்தினம் கடைவீதியிலிருந்து லூக்கியா போர்வையில் சுற்றி எதையோ கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளியதைப் பார்த்திருந்தேன். ஏதாவது விளக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மடச்சி!

ஓடிப்போய், பால்கனி இருக்கிற முன்னறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"அண்ணி, கதவத் தொறங்க!"

"மணி அடிச்சதும் தொறக்கிறேன். என் தம்பிக்கு ஒரே ஒரு பானை. அப்புறம் உன் இஷ்டத்துக்குக் கத்து."

"கீழ தனாயே நிக்கிறா!"

உள்ளே சிரிப்புச் சத்தம். "நல்லா அவிழ்த்துவிடுற. அவ சதுக்கத்துக்குப் போயிருக்கா."

"நான்தான் இங்க நிக்கச் சொன்னேன்! சத்தியமா! எட்டிப் பாருங்க!"

"எட்டிப் பாத்தா அக்கம்பக்கம் என்னைப் பாத்துடும், நீ ஆள் விட்டுத் தடுப்ப. நம்ம பால்கனிக்குக் கீழ யாருடி நிப்பாங்க?"

அவள் பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பால்கனிக்குக் கீழே ஆள் நின்று அவள் பார்த்ததே இல்லை. எப்போதும் துணி தொங்கிய பால்கனி அது. அவள் மனதில் இப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

தனாயேவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். பக்கத்தில், எங்கள் பால்கனியின் அடியில் தலைகளாக நிறைந்திருந்தது. நடுவில் அவளுடைய மஞ்சள் சட்டை. கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். சந்து முழுக்க இரைச்சல். எல்லோரும் எதிர்ப்பக்க மாடிகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக் கிழவர் என் கூச்சலை வாழ்த்து என்று எண்ணிக் கையாட்டினார், படுபாவி.

மணியின் முதல் அடி விழுந்தது. பதினொன்றும் அடித்து முடிந்தால் பானை விழும்.

கத்தினால் கேட்காது. இந்த ஊருக்குப் புரியும்படி சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருந்தது. நடைவழியில் இருந்த பெட்டியைத் திறந்து ஆர்சேனியின் சட்டைகளை வாரி எறிந்தேன். அடியில், அவர் கையால் மடித்து வைத்தபடியே இருந்தது சிவப்புத் துணி. கறுப்பு உடுத்தி நிற்கிற நான், அதைச் சமையலறை ஜன்னல் வழியாக வீசி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அது சரசரவென்று பிரிந்து, கீழே நின்றவர்களின் தலைக்கு மேல் தொங்கி ஆடியது.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி விரல் நீட்டி அலறினாள். எங்கள் சந்து நாவிதர் பாம்பிஸ் நிமிர்ந்து பார்த்தார். துக்க வீட்டில் துணியா என்று யோசித்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை அவர். தனாயேவின் தோளை வளைத்துப் பிடித்து எங்கள் கட்டடத்து வாசலுக்குள் தள்ளினார். மற்றவர்களும் அடித்துப்பிடித்து உள்ளே நுழைந்தார்கள்.

பானை என் கண் முன்னால்தான் போயிற்று. முழங்காலுயரப் பானை, கைப்பிடியில் சிவப்பு நாடா. மஞ்சள் சட்டை நின்ற இடத்தில் குண்டு வெடித்ததுபோல வெடித்தது. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த பாம்பிஸ், "ஆர்சேனி!" என்று கத்தினார். சந்தே அந்தப் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. ஊர் முழுக்கப் பானைகள் விழ ஆரம்பித்தன.

லூக்கியா இப்போதுதான் எட்டிப் பார்த்தாள். நொறுங்கிய ஓடுகளுக்கு மேல் ஆடிய என் துணியைப் பார்த்தாள். வாசலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மகளையும் பார்த்தாள்.

தாழ்ப்பாள் விலகியது. நான் அவளை அறையத்தான் போனேன். ஆனால் அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

படியேறி மூச்சிரைக்க வந்தாள் தனாயே. முகமெல்லாம் சிரிப்பு, கையில் நாடாவோடு ஒரு பானை ஓடு.

"அத்தை, தூசிகூட விழாதுன்னீங்க! அந்தப் பெரியவர் தள்ளின தள்ளுல செத்தேன். இது அதிர்ஷ்டமாம், பாப்பாவுக்கு வச்சுக்கப்போறேன். போட்டது யாரு? நீங்களா, அம்மாவா?"

லூக்கியா ஏதோ சொல்ல வந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் சேந்துதான். கடைசி நேரத்துல தோணுச்சு. நீ போயி தண்ணி குடி."

அவள் சமையலறைக்குப் போனதும் லூக்கியாவின் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்தேன். ஆர்சேனி போனதிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. லூக்கியா என் கறுப்பு உடையின் ஓரத்தைக் குழந்தைபோலப் பிடித்துக்கொண்டாள்.

"மரியேத்தா, அந்தத் துணிய உள்ள இழுத்துடு."

"இருக்கட்டும் அண்ணி. இனிமே என்ன?"

"இழுத்துடு. இன்னும் பானை விழுந்துட்டு இருக்கு. நம்ம பால்கனிக்குக் கீழ ஆளுங்க வந்து நிக்கட்டும்."