உள்ளே பிடிப்பவர்

மாமனாரை எடுத்துப் போகும் வண்டி பத்து மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். எட்டே காலுக்கு மருமகன் வாசலில் நின்ற அவருடைய பழைய காருக்குள் பின்சீட்டைத் திணித்துக்கொண்டிருந்தான். சீட்டு உள்ளே போவேனா என்று அடம்பிடித்தது. நேற்று மதியம் கழற்றியபோது ஒரே இழுப்பில் கையோடு வந்த சீட்டுதான் அது.

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க மாப்ள," என்றார் வாசற்படியில் நின்ற மச்சான். மனைவியின் அண்ணன். விஷயம் கேள்விப்பட்டு ராத்திரி பஸ் ஏறி விடிகாலையில் வந்து இறங்கியவர், இன்னும் சட்டைகூட மாற்றவில்லை.

குனிந்து பார்த்தான். தலைகீழாகத்தான் பிடித்திருந்தான். பன்னிரண்டு வருடமாகக் கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டிப் பிழைக்கிறவன். கண்ணைக் கட்டி விட்டாலும் சீட்டைக் கழற்றி மாட்டிவிடுவான் என்று கடையில் பேர் எடுத்தவன். திருப்பிப் பிடித்தான். கொக்கி சரியாக விழுந்தது.

எடுத்துப் போகும் வண்டியில் நாலு பேர்தான் உட்கார முடியும். மற்றவர்களுக்கு இந்தக் கார் வேண்டும். அது மட்டுமில்லை. "அப்பா போறப்ப அவர் வண்டி இப்படியா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கணும்?" என்று மச்சான் வந்ததும் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கார் அப்படித்தான் நின்றது. பானெட் தூக்கியே இருந்தது. பேட்டரியின் ஒரு முனை கழன்று கிடந்தது. கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டைகளைப் பெயர்த்துத் தரையில் போட்டிருந்தான். சுண்டுவிரல் தடிமனில் ஒரு சிவப்பு கேபிள், இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகரச் சுவரின் ஓட்டையில் பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது. நேற்று சாயங்காலம் விட்டது விட்டபடி.

மாமனார் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். அத்தை போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். ஓய்வு பெற்ற கையோடு இந்தக் காரை வாங்கினார். ஓட்டியதைவிட அதில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டதுதான் அதிகம். "பாட்டு வருது மாப்ள. உடம்பு வரமாட்டேங்குது," என்று மூன்று மாதமாக நச்சரித்தார். உடம்பு என்றால் பாட்டின் அடித்தொனிக் கனம். அது வரவேண்டுமென்றால் டிக்கியில் ஆம்ப் வைக்க வேண்டும். ஆம்ப்புக்குக் கரண்ட் நேரே பேட்டரியிலிருந்து வரவேண்டும். அதற்குத்தான் அந்த கேபிள். கடைக்குக் கொண்டுபோனால் கூட ஒரு ஆள் இருப்பான் என்று இவன் சொல்லிப் பார்த்தான்.

"எதுக்கு ஆளு? என் வண்டிக்கு நான் பிடிக்க மாட்டேனா?" என்றார்.

பிடிப்பது என்றால், ஒருவன் பானெட்டுக்கு அடியில் நின்று கேபிளை ஓட்டைக்குள் தள்ளுவான். இன்னொருவன் ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, வருகிற முனையைப் பிடித்து இழுப்பான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் உள்ளே இருப்பவர் சொல்லாமல் வெளியே இருப்பவன் தள்ளக் கூடாது. கடையில் ஒருவனுக்கு இப்படி அவசரப்பட்டுத் தள்ளிய முனை கண்ணுக்குக் கீழே ஏறிவிட்டது. தள்ளியவன் வேறு யாருமில்லை, இவன்தான். அதற்குப் பிறகு இவன் ஒரு தடவைகூட அவசரப்பட்டதில்லை.

"நிறுத்து. நான் சொன்னதும் தள்ளு," என்றார் மாமனார் நேற்று காருக்குள்ளேயிருந்து.

அவர் சொல்லவே இல்லை.

கேபிளை விட்டால் தன் கனத்திலேயே வழுக்கி வெளியே வந்துவிடும். இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். காலையிலிருந்து மாமனாரின் வாய் ஓயவில்லை. ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும், பாட்டு வயரை இந்தப் பக்கம் கொண்டு வரக் கூடாது, அந்தப் பக்கமாகக் கொண்டு போக வேண்டும் என்று இவனிடமே கற்றுக்கொண்டதை இவனுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இப்போது சத்தமே இல்லை. சாய்ந்து பார்த்தான். திறந்திருந்த கதவுக்கு வெளியே அவர் கால்கள் இரண்டும் நீட்டியிருந்தன. வேலையாக இருப்பவரின் கால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தன. உண்மையைச் சொன்னால், இவனுக்கு அந்த அமைதி சுகமாக இருந்தது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதை வேடிக்கை பார்த்தான்.

அப்போதுதான் மனைவி போன் செய்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. டீ குடிக்கிற நேரத்தில் தினமும் கூப்பிடுவாள். கை ஒழியாததால், குனிந்து, பேட்டரி ஓரத்தில் வைத்திருந்த போனை மூக்கால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன பண்றீங்க?"

"வயரப் பிடிச்சுக்கிட்டு செலை மாதிரி நிக்கிறேன்."

"அப்பா?"

"உள்ள படுத்திருக்காரு. அஞ்சு நிமிஷமா வாயே தொறக்கல. இன்னைக்கு மழை கொட்டப்போகுது, குடை எடுத்துட்டுப் போனியா?"

அவள் சிரித்தாள். "தூங்கிட்டாரோ என்னமோ, பாருங்க."

"தூங்கட்டும் விடு. காதுக்கு ரெஸ்ட்டு."

அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். பக்கத்தில் யாரிடமோ அதைச் சொன்னாள். அவர்களும் சிரிப்பது கேட்டது. அப்புறம் வரும்போது சோப்பு வாங்கணுமா என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நிமிடம் நின்றிருப்பான். கை கடுத்தது. "மாமா, தள்ளட்டுமா?" என்றான். இன்னொரு தரம் கேட்டான். எரிச்சலோடு, "தூங்கறதுன்னா உள்ள போய்த் தூங்குங்களேன்," என்று சொல்லிவிட்டு, அவர் சொல்லாமலே தள்ளினான். கேபிள் ஒரு சாண் தூரம் போய் மெத்தென்று எதிலோ முட்டி நின்றது.

சுற்றி ஓடிப் பார்த்தான். கேபிளின் முனை அவர் கன்னத்தில் அழுந்தியிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டுக்காரர் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "பேச்சு மூச்சு இல்லாமப் போய் எவ்வளவு நேரமாச்சு?" என்று டாக்டர் கேட்டார். கையில் உறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "அப்பதான் சார். உடனே தூக்கிட்டோம்," என்று இவன் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே என்று சொன்னதால் அவர்கள் விடவில்லை. இருபத்தைந்து நிமிடம் நெஞ்சை அமுக்கினார்கள். அதற்குள் மனைவி வந்து சேர்ந்து, திரைச்சீலைக்கு வெளியே இவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் பாத்துட்டுதான இருக்காங்க, அப்ப இருக்கும்," என்றாள். அந்த இருபத்தைந்து நிமிட நம்பிக்கையும் இவன் சொன்ன பொய்யிலிருந்து வந்தது. எல்லாம் முடிந்தபின் டாக்டரைத் தனியாகப் பிடித்து, இன்னும் முன்னாடி பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டான். சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லியிருக்கலாம் என்று இவனுக்குத் தோன்றியது.

ராத்திரி முழுக்க வந்தவர்களிடமெல்லாம் அவள், "இவர் கூடவே இருந்தாரு. அதான் ஒரே ஆறுதல்," என்று சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இவன் தரையைப் பார்த்தான். ரத்தக் குப்பிகளில் மணி எழுதி ஒட்டுவது அவள் வேலை. நிமிடம் பிசகாது. தான் எத்தனை மணிக்குப் போன் செய்தோம், அப்போது இவன் என்ன சொன்னான், எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று அவள் ஒரு தரம் கூட்டிப் பார்த்தால் போதும். எப்போது கூட்டிப் பார்ப்பாள் என்பதைத் தவிர இவனுக்கு வேறு நினைவே ஓடவில்லை. அழுகையும் வரவில்லை. வராததை யாராவது கவனிக்கிறார்களா என்றுகூடப் பார்த்துக்கொண்டான்.

சீட்டு உட்கார்ந்ததும் கேபிளை உருவிச் சுருட்டி டிக்கியில் போட்டான். பட்டைகளைத் தட்டி உட்கார வைத்தான். பேட்டரி முனையை முடுக்கக் குனிந்தபோது மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். மனைவியும் இரண்டு டம்ளர் டீயோடு வெளியே வந்தாள்.

"மாப்ள, அப்பா கன்னத்துல கோடு மாதிரி ஒண்ணு இருக்கே. என்ன அது?"

ஸ்பேனர் நட்டில் இருந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். "மச்சான், அது வந்து..."

"தூக்குறப்ப கதவுல உரசிடுச்சுண்ணா," என்றாள் மனைவி.

"கஷ்டப்பட்டாராம்மா?"

"இல்லண்ணா. பேசிட்டே இருந்திருக்காரு. பேச்சு நின்னதும் இவர் ஓடிப்போய்ப் பாத்திருக்காரு. ஒரு நிமிஷம்கூட ஆகல."

பரிசோதனை முடிவை வாசித்துக் காட்டுகிற குரலில், தடுமாறாமல் சொன்னாள். மச்சான் தலையை ஆட்டினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கூட ஆள் இருந்ததே. அது போதும்," என்றார். டீயை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் இன்னொரு டம்ளரை இவனிடம் நீட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். அவள் எப்போதோ கூட்டிப் பார்த்துவிட்டாள் என்று இவனுக்குப் புரிந்தது. அநேகமாக ஆஸ்பத்திரியிலேயே, இவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே.

"நேத்து ஸ்பீக்கர்ல போட்டிருந்தீங்களா?" என்றாள்.

"எதை?"

"போனை."

"ஆமா. கையில வயர் இருந்துச்சு."

"நான் சிரிச்சது அவருக்குக் கேட்டிருக்குமா?"

எந்தத் தகரத்தைத் தாண்டி எவ்வளவு சத்தம் போகும், எந்த ரப்பர் அதில் எவ்வளவை விழுங்கும் என்பதுதான் இவன் பிழைப்பு. ஆனால் கேட்டிருக்கும் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலா, கேட்டிருக்காது என்று சொன்னால் ஆறுதலா என்று தெரியவில்லை. மகளின் குரலைக் கேட்டுக்கொண்டே போனார் என்றும் வைத்துக்கொள்ளலாம். மகளும் மருமகனும் தன்னைக் கேலி செய்து சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, கூப்பிட முடியாமல் போனார் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"நடுவுல தகரம் இருக்கு. அது மேல ரப்பர் ஷீட்டு வேற," என்றான்.

"கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா?"

"தெரியல."

அவள் டம்ளரைக் காரின் கூரைமேல் வைத்தாள். ஓட்டுநர் பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகைக் கீழே சரித்து, ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். அவள் பாதங்கள் வெளியே நீட்டியிருந்தன.

"ஏதாவது பேசுங்க," என்றாள் உள்ளேயிருந்து.

"என்ன பேச?"

"எதையாவது. போன்ல பேசற அளவுக்குப் பேசுங்க. கத்தாதீங்க."

பானெட்டுக்கு அடியில் போய் நின்றான். நேற்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது நிறைய இருந்தது. இவளுக்கும் இருந்தது. ஆனால் ஸ்பீக்கர் மாட்டி முடித்ததும் மைக்கில் சொல்லிப் பார்ப்பதுதான் வாயில் வந்தது.

"ஒண்ணு," என்றான். "ரெண்டு. மூணு."

உள்ளே சத்தமில்லை.

"நாலு. அஞ்சு."

வீட்டுக்குள் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். இவன் ஆறு என்றான். ஏழு என்றான். எட்டு வரவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். தலைக்கு மேலே தொங்கிய வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து வராத கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதோரத்தை நனைத்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"ஏழு வரைக்கும் கேட்டுச்சு," என்றாள்.

இவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெருமுனையில் பெரிய வண்டி ஒன்று திரும்பி, பின்பக்கமாக வாசலை நோக்கி வந்தது. மச்சான் உள்ளேயிருந்து யாரையோ கூப்பிட்டார். இவன் கையைக் கொடுத்தான். அவள் பிடித்துக்கொண்டு எழுந்து செருப்பை மாட்டினாள். காருக்குள் விரித்திருந்த கார்ப்பெட்டின் தூசும் பஞ்சும் அவள் முழங்கையில் அப்பியிருந்தன. இவன் தட்டிவிட்டான். அவள் அடுத்த கையையும் நீட்டினாள்.