ஆவண அறைக்கு எட்டு எண்கள்

அந்தக் கண் மருத்துவமனையில் மருமகள் வலையமைப்பைப் பார்த்துக்கொண்டாள், மாமனார் ஆவண அறையைப் பார்த்துக்கொண்டார். காலையில் ஒரே பேருந்தில் வருவார்கள். வாசல்படி ஏறும்வரை அவள் "மாமா" என்பாள், அவர் "என்னம்மா" என்பார். உள்ளே கால் வைத்ததும் அவர் "சார்" ஆகிவிடுவார், அவள் "மேடம்" ஆகிவிடுவாள். இதில் இருவருமே கறார். ஒருமுறை மதியச் சாப்பாட்டில் அவருக்குப் புரையேறியபோதுகூட, "சார், தண்ணி" என்றுதான் நீட்டினாள்.

அந்த வருடம் புறநோயாளர் பகுதிக்குப் புதிதாக அறுபது கருவிகள் வந்து இறங்கின. கண் அழுத்தம் பார்ப்பவை, விழித்திரையைப் படம் எடுப்பவை, டோக்கன் எண்ணைக் கூப்பிடும் ஒலிபெருக்கி என்று கூடம் நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் வலையமைப்பில் ஓர் எண் வேண்டும். எண் இல்லாத கருவி, கதவிலக்கம் இல்லாத வீடு மாதிரி, அதற்கு எந்தத் தகவலும் போய்ச் சேராது. தலைமையகம் மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தது இருநூற்று ஐம்பத்தாறு எண்கள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவளுக்கு முன்னால் இருந்தவர் அந்த எண்களை எட்டுச் சம துண்டுகளாக வெட்டி, பிரிவுக்கு முப்பத்திரண்டு என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் புறநோயாளர் பகுதியில் ஏற்கெனவே மூச்சு முட்டியது. ஆவண அறையில் ஐந்தே கருவிகள் முப்பத்திரண்டு எண்களில் காலை நீட்டிப் படுத்திருந்தன.

அவள் ஒரு தாளை எடுத்துத் தேவைக்குத் தக்கபடி திரும்ப வெட்டினாள். துண்டுகளை நினைத்த அளவில் வெட்ட முடியாது. நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டிப்பாகத்தான் வரும். பெரியதை முதலில் வைத்துவிட வேண்டும், சின்னதைக் கொண்டுபோய் நடுவில் உட்கார வைத்தால் பெரியதற்கு இடம் அமையாது. புறநோயாளர் பகுதிக்கு நூற்று இருபத்தெட்டு. அறுவை அரங்குகளுக்கு அறுபத்துநான்கு. வார்டுக்கு முப்பத்திரண்டு. அலுவலகத்துக்குப் பதினாறு. ஆவண அறைக்கு எட்டு. பக்கத்துக் கட்டடத்தை இணைக்கும் கம்பிக்கு நான்கு. போக இன்னொரு நான்கு கையிருப்பு. ஒவ்வொரு துண்டிலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் வலையமைப்பின் சொந்த உபயோகத்துக்கு. இன்னொன்று வெளியே போகும் வாசலுக்கு. ஆக, ஆவண அறையின் எட்டில் மிஞ்சுவது ஐந்து. அங்கே இருப்பதும் ஐந்து. கச்சிதம்.

கச்சிதம் என்று அவள் சொன்னதை மாமனார் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிவுத் தலைவர்கள் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

"மேடம் சொல்றது எப்படி இருக்குன்னா, முப்பத்திரண்டு பல்லுல இருபத்துநாலைப் பிடுங்கிட்டு, மிச்சத்தை வச்சு நல்லா மென்னு சாப்பிடுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

கூட்டம் சிரித்தது. மேலாளர் அம்மாளும் சிரித்தார், ஆனால் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒவ்வொரு பிரிவும் தன்னிடம் உள்ள கருவிகளின் பட்டியலை எழுதித் தர வேண்டும் என்று முடிவானது. மாமனார் தம் மணிமணியான கையெழுத்தில் எழுதினார்: கணினி மூன்று, பிரிண்டர் ஒன்று, ஸ்கேனர் ஒன்று. கீழே தேதியும் போட்டார்.

மற்ற எல்லாப் பிரிவுகளுக்கும் அவள் நேரில் போய், மேசைக்கு அடியில் குனிந்து, பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணினாள். ஆவண அறைக்கு மட்டும் போகவில்லை. மாமனார் எழுதித் தந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு கூச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாற்றினாள். திங்கட்கிழமை காலை ஒரு கருவிகூட மக்கர் பண்ணவில்லை. மேலாளர் வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கு டோக்கன் ஒலிபெருக்கி ஊமையானது.

கண் மருத்துவமனையில் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள். பலகையில் எவ்வளவு பெரிதாக எண் எழுதினாலும் அவர்களுக்குப் புகைமூட்டம்தான். காதை நம்பித்தான் இருப்பார்கள். கூடத்துச் செவிலியர் தொண்டை கிழிய எண்களைக் கத்தினார். நாற்பத்தொன்றைக் கூப்பிட்டால் எழுபத்தொன்று எழுந்து வந்தார். கணவன் என்று நினைத்து வேறொருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே போய்விட்டார். அந்த மனிதரும் டாக்டர் கேட்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

அரை மணி கழித்து ஒலிபெருக்கி தானாகப் பேச ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் பதினோரு மணிக்கு வாயை மூடியது. புதன்கிழமையும் அப்படியே. செவிலியர் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்து, பேசாமல் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்: 'இன்னும் எத்தனை நாள்?'

வீட்டிலும் ஏதோ சரியில்லை. மாமனார் உம்மென்று இருந்தார். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் பாதியிலேயே கையைக் கழுவப் போனவரை அத்தை வழிமறித்து என்ன என்று கேட்டாள்.

"உன் மருமக நம்பரை வெட்டினதுலேருந்து ஒண்ணும் சரியில்லை" என்றார் அவர்.

"என்ன மாமா சரியில்லை? சொன்னா உடனே பார்க்கிறேன்" என்றாள் மருமகள்.

"ஒண்ணுமில்லை, விடு."

எண் குறைந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சற்று முன்பே மடிக்கணினியோடு கூடத்தில் போய் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியின் எண் நூற்றுப்பத்து. அந்த எண்ணுக்கு யார் யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சரியாகப் பதினோரு மணிக்கு, 'நூற்றுப்பத்து நான்தான்' என்று இன்னொரு கருவி குறுக்கே புகுந்தது. ஒரே பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து நிற்கிற கதை. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் புதிதாக வந்தவனிடம் போக, ஒலிபெருக்கி தனியாக நின்றது.

புதியவன் எந்தக் கம்பி வழியாக வருகிறான் என்று அவள் ஒவ்வொரு இணைப்புப் பெட்டியாகத் தேடிக்கொண்டே போனாள். தரைத்தளம், மாடிப்படி, நடைக்கூடம். நீலக் கம்பி போய் நுழைந்த கதவில் 'ஆவண அறை – அனுமதியின்றி நுழையக் கூடாது' என்று மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தது.

கதவைத் தள்ளினாள். நாற்காலியில் யாரும் இல்லை. கடைசி அலமாரிக்குப் பின்னாலிருந்து சடக், சடக் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மாமனார் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ரொட்டித் துண்டு அளவுள்ள ஒரு சின்ன இணைய ரேடியோவின் பொத்தானை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றாள். அலுவலக நேரம் என்பது மறந்துவிட்டது.

அவர் திருதிருவென்று விழித்தார். எழுந்திருக்கவும் இல்லை. "நாலு நாளா பாட மாட்டேங்குதும்மா" என்றார்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கியது. கடைக்காரரையே வரவழைத்து, ஆவண அறையின் பழைய எண்களில் ஒன்றை அதில் நிரந்தரமாகப் பதித்துக்கொண்டார். தினமும் பதினோரு மணிக்கு, தேநீரோடு இருபது நிமிடம் பழைய பாட்டு. பட்டியலில் எழுத வெட்கம், அதனால் விட்டுவிட்டார். அவரிடமிருந்து வெட்டி எடுத்த எண்கள் இப்போது புறநோயாளர் பகுதியுடையவை. ரேடியோவுக்கு அது தெரியாது. வெளியே போகும் வழி மாறிவிட்டதால் அதுவும் பாடவில்லை, ஒலிபெருக்கியையும் பேச விடவில்லை. வீட்டில் புகார் சொல்லலாம் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"நீங்க இதை ஒவ்வொரு தடவை போடும்போதும் கீழ டோக்கன் கூப்பிடறது நின்னுபோகுது, மாமா. நர்சுக்குத் தொண்டையே போச்சு."

அவர் முகம் சுண்டிவிட்டது. கீழே நடந்த களேபரத்தைப் பற்றி அவருக்கும் தெரியும். கணவன் மாறிப்போன கதையை அவரே நேற்று இரண்டு பேரிடம் சொல்லிச் சிரித்திருந்தார். அது தம் கைவேலை என்று நினைக்கவேயில்லை. வெடுக்கென்று கம்பியைப் பிடுங்கினார்.

"நான் போய் மேலாளர்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

"வேண்டாம், நான் சொல்றேன். எல்லா ரூமையும் எண்ணிட்டு இந்த ரூமை மட்டும் விட்டது நான்தான்."

"ஏன் விட்ட?"

"நீங்க எழுதினதாச்சே."

அவர் ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இனிமே எண்ணும்மா. நான் எழுதினாலும் எண்ணு" என்றார்.

யார் சொல்வது என்று முடிவாகாமலே இருவரும் மேலாளர் அறைக்குள் ஒன்றாக நுழைந்தார்கள். "தப்பு என்னுது" என்று ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள். மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் கேட்டார். பொத்தானை அணைத்துப் போட்ட இடம் வந்ததும் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு, செவிலியரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மாமனாருக்குச் சொன்னார். ரேடியோவுக்கு ஓர் எண் கொடுக்க வழி உண்டா என்று மருமகளிடம் கேட்டார்.

ஆவண அறையின் ஐந்தும் நிரம்பிவிட்டன. அலுவலகத்தின் பதினாறில் ஒன்று காலியாக இருக்கிறது என்றாள் அவள்.

"அப்போ அது அலுவலக ரேடியோ. பதினோரு மணிக்கு ஓய்வறையில பாடட்டும், எல்லாரும் கேட்கலாம்" என்றார் மேலாளர்.

அன்று மதியமே அவள் ரேடியோவுக்குப் புது எண் பதித்தாள். பட்டியலில் 'ரேடியோ ஒன்று' என்று மாமனாரே சேர்த்து எழுதினார். பிறகு தேனும் மிளகும் ஒரு பொட்டலத்தில் கட்டிக்கொண்டு போய்ச் செவிலியர் மேசையில் வைத்தார். செவிலியர் கரகரத்த குரலில் ஏதோ சொன்னார்; திட்டியிருக்க வேண்டும், மாமனார் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கீழே ஒலிபெருக்கி முப்பத்தேழைக் கூப்பிட்டது. முப்பத்தேழே எழுந்து போனார். மேலே ஓய்வறையில் எட்டுப் பேர் தேநீரோடு கூடியிருந்தார்கள். மாமனார் பழைய பாட்டு வைத்தார். இரண்டாவது பாட்டிலேயே மேலாளருக்குப் புதுப் பாட்டு வேண்டியிருந்தது, கணக்காளருக்குக் கிரிக்கெட் ஸ்கோர். பேசிப் பேசி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். மாமனாருக்கு வாய்த்தது வெள்ளிக்கிழமை.