சட்டப்படி குடியிருப்பவருக்கு

அந்தக் கடிதங்களில் எங்கள் பெயர் இருக்காது. 'சட்டப்படி குடியிருப்பவருக்கு' என்றுதான் வரும். மாதம் ஒன்று. முதலில் கறுப்பு எழுத்து, பிறகு சிவப்பு. 'உங்கள் முகவரி விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.' 'எங்கள் அதிகாரிகள் உங்கள் பகுதிக்கு வருகிறார்கள்.' ஏதோ நாங்கள் மாடிப்படிக்குக் கீழே பிணத்தை வைத்திருக்கிற மாதிரி.

வைத்திருந்தது ஒரு டிவி. அதில் ஆண்டெனா கம்பி கூடக் கிடையாது. அம்மா டிவிடி போட்டுக் கொலை விசாரணைத் தொடர் பார்ப்பாள், அதுவும் ஒரே தொடரை நான்காவது முறையாக. இங்கிலாந்தில் டிவி பார்க்க வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும்; கடிதம் அந்த ஆபீஸிலிருந்துதான். ஒளிபரப்பாகிற நேரத்திலேயே பார்த்தால்தான் லைசென்ஸ் வேண்டும், டிவிடிக்கு வேண்டாம். இது சட்டம். நான் லீட்ஸில் மூன்று வருடம் சட்டம் படித்தவள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். முடித்துவிட்டு எங்கள் ஊர் கிரிம்ஸ்பிக்கே திரும்பி வந்து கால் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் படிப்பால் வீட்டுக்கு ஆன ஒரே உபயோகம், லைசென்ஸை நிறுத்தியதுதான். 'எங்களுக்குத் தேவையில்லை' என்று இணையத்தில் படிவமும் நிரப்பினேன். கடிதம் நிற்கவில்லை.

"கட்டித் தொலைச்சிரலாமே கெல்சி," என்றாள் அம்மா.

"தேவையில்லாததுக்கு எதுக்கும்மா கட்டணும்?"

"இப்ப போய் எந்த வம்பும் வேணாம்டி. ஜனவரி வரைக்கும்."

ஜனவரியில் அம்மாவுக்கு ஆரம்பப் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வருடம் மீன் தொழிற்சாலையில், உறைந்த மீனைப் பெட்டியில் அடுக்கி அடுக்கி அவள் இரண்டு கைகளிலும் விரல்நுனி மரத்துப் போயிருந்தது. பள்ளிப் படிவத்தில் ஒரு கேள்வி: தண்டனை ஏதும் உண்டா, வழக்கு ஏதும் நிலுவையில் உண்டா? அம்மா 'இல்லை' கட்டத்தில் குறி போட்டு, அதற்குக் கீழே தேவையே இல்லாமல் ஒருமுறை கையெழுத்தும் போட்டிருந்தாள். இடையில் மாறினால் சொல்லிவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அக்டோபரில் அந்த ஆள் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்னக் கணினி. பெயர் ஹாலம். கதவைத் திறந்தது நான்.

"இந்த வீட்டுக்காரங்க நீங்கதானா மேடம்?"

"யாரு கேக்கறது?"

"டிவி லைசென்ஸ் விஷயமா வந்திருக்கேன். உள்ள வந்து ஒரே ஒரு தடவை பாத்துட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"வாரண்ட் இருக்கா?"

"அதெல்லாம் எதுக்குங்க, சும்மா..."

"அப்ப கிளம்புங்க."

அவன் கோபப்படவில்லை. என் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தான். கணினியில் எதையோ தட்டிப் பதிந்துகொண்டான். "சரிங்க. மறுபடி வருவோம்." எதிர்ச்சாரியில் காரை நிறுத்தி, அதற்குள்ளேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். அம்மா ஜன்னல் பக்கமே போகாமல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே அவளுக்குப் பாடம் நடத்தினேன். "ரெண்டே வார்த்தைம்மா. 'எனக்குத் தேவையில்லை.' சொல்லிட்டு கதவைச் சாத்து. பேர் சொல்லாத. கையெழுத்துப் போடாத. எங்க, சொல்லு."

"மன்னிச்சுக்கங்க தம்பி, எனக்கு..."

"மன்னிப்பு எதுக்கு?"

"மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிடி சாத்தறது? அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே."

நவம்பரில் ஒரு மதியம், நான் வேலையில் இருந்தபோது, கடலிலிருந்து சாய்வாக மழை அடித்துக்கொண்டிருந்தபோது, அவன் மறுபடி வந்தான். எங்கள் தெருவில் மழையில் நிற்கிறவனை வாசலிலேயே நிற்க வைக்க மாட்டார்கள். வந்திருப்பது கடன் வசூலிக்கிறவனாக இருந்தாலும் கெட்டிலில் தண்ணீர் ஏறிவிடும். அம்மா அவனுக்கு டீ போட்டாள். கஸ்டர்ட் க்ரீம் பிஸ்கட் தட்டில் வைத்தாள். அவன் ஒரு அட்டையைப் பார்த்து, "நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொல்வது சாட்சியமாகலாம்" என்று வாசித்தானாம்.

"அப்படியே நம்ம சீரியல்ல வர்ற மாதிரி இருந்துச்சுடி," என்றாள் என்னிடம். "சிரிப்பு வந்துருச்சு. இன்னொரு கப் வேணுமான்னு கேட்டேன்."

"அப்புறம் என்ன கேட்டான்?"

"நேரலையா எதுவுமே பாக்கறதில்லையான்னான். இல்லப்பான்னேன். யோசிச்சுச் சொல்லுங்கன்னான். ராணியம்மாவோட இறுதி ஊர்வலம் மட்டும் பாத்தேன்னேன்."

"அம்மா!"

"என்னடி? அதையும் பாக்கலைன்னு பொய் சொல்லச் சொல்றியா? செத்தவங்க விஷயத்துல?"

ராணியின் ஊர்வலத்தை அம்மா பார்த்தது பக்கத்து வீட்டு ட்ரூடியின் சோபாவில். ஹாம் சாண்ட்விச் செய்து எடுத்துக்கொண்டு, கறுப்பு கார்டிகன் போட்டுக்கொண்டு, ட்ரூடியும் மூன்று பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருக்க. எங்கே பார்த்தீர்கள் என்று ஹாலம் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. 'கடைசியாகப் பார்த்தது: செப்டம்பர் 19, நேரலை' என்று அவன் எழுதினான். அம்மா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். சீக்கிரம் போய்விடுவான் என்றுதான் போட்டாளாம்.

டிசம்பர் முதல் வாரத்தில் கோர்ட்டிலிருந்து வந்த உறையில் 'குடியிருப்பவருக்கு' என்று இல்லை. லோரெய்ன் ஆன் பிக்கரிங் என்று முழுப்பெயர் இருந்தது. பிறந்த தேதியும் இருந்தது. இரண்டையும் அவளேதான் கொடுத்திருக்கிறாள். லைசென்ஸ் இல்லாமல் நேரலை பார்த்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா? பதில் சொல்ல இருபத்தொரு நாள்.

"மறுக்கறோம்," என்றேன். "இந்த வீட்ல பாக்கலன்னு சொல்லு. அதுதானே உண்மை."

"எங்க பாத்தீங்கன்னு கேப்பாங்கள்ல?"

"ட்ரூடி வீட்லன்னு சொல்லு. அவ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், கேஸு செத்துரும்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ட்ரூடிகிட்ட லைசென்ஸ் இல்லடி."

எனக்குத் தெரியாது. தெருவில் பாதிப் பேரிடம் இருக்காது என்று தெரியும், ட்ரூடியை நினைத்ததில்லை. அவள் வீட்டு டிவி காலையிலிருந்து இரவு வரை ஓடும்.

"அப்ப எங்கன்னு சொல்லாத. சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"அந்தப் பக்கம் என் கையெழுத்து. இந்தப் பக்கம் 'சொல்ல மாட்டேன்'. நீயே ஜட்ஜா இருந்தா யாரை நம்புவே?"

நோட்டீஸை மேசையில் போட்டேன்.

"வருஷம் பூரா உனக்கு வேலை வாங்கித் தரப் படிவம் நிரப்புனேனே, அதுக்கு என்னம்மா மரியாதை?"

"அவளுக்கு மூணு புள்ளைங்க இருக்கு. அவ பேரை எவன்கிட்டயும் சொல்லமாட்டேன். நீயும் அவ வாசல் பக்கம் போகாத."

நான் போனேன். சனிக்கிழமை காலை, நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு. கார்ட்டூன் சத்தம் தெருவரை கேட்டது. கதவைத் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

சத்தம் சட்டென்று நின்றது.

"அம்மா, அந்த ஆளா?" என்று ஒரு குழந்தை.

"ஷ்ஷ். எல்லாரும் கீழ படுங்க. படு."

அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதவின் இந்தப் பக்கம் காகிதத்தோடு நான், அந்தப் பக்கம் தரையில் நான்கு பேர். 'நான்தான் கெல்சி' என்று சொன்னால் ட்ரூடி திறந்திருப்பாள். கேட்டால் வந்து சாட்சியும் சொல்லியிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். தன்னை மாட்டிவிட்டுக்கொண்டாவது சொல்லியிருப்பாள். வாயைத் திறக்காமல் திரும்பி வந்தேன்.

அம்மா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனேன் என்று கேட்கவில்லை. கையை நீட்டி நோட்டீஸை வாங்கி, 'ஒப்புக்கொள்கிறேன்' கட்டத்தில் குறி போட்டாள். மரத்த விரல்களில் பேனா வழுக்கி, கோடு கட்டத்துக்கு வெளியே போனது.

"பள்ளிக்கூடத்துல சொல்லாதம்மா. இது போலீஸ் கணக்குல கூட ஏறாது. ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."

"கேட்டிருக்காங்களே."

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் பள்ளிக்குப் போன் போட்டாள். காது மந்தமென்று எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். தலைமையாசிரியை எடுத்தாள். உற்சாகமான குரல். யூனிபார்ம் அளவு என்ன என்று கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் மேடம். மன்னிச்சுக்கங்க. எம்மேல கோர்ட்ல ஒரு கேஸு இருக்கு."

அந்தப் பக்கம் குழந்தைகள் கத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு நிமிஷம் இருங்க லோரெய்ன்," என்றது குரல், உற்சாகம் வடிந்து. "கதவைச் சாத்திட்டு வந்துடறேன்."

அம்மா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, கோட்டோடு நின்றாள். குழந்தைகளின் சத்தம் அடங்கியது.